துணைக்கு ஒரு பெட்டி

தனியாக யாத்திரை செய்கிறவர்களில் பல ரகம் உண்டு. அவர்களுள், கத்திரி வெயில் தகிக்கிற காலத்தில், ஊரெல்லாம் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் ஓடிக்கொண்டிருக்கையில், கல்லூரி விடுமுறை அப்போதுதான் வாய்க்கிறது என்ற ஒரே காரணத்தால் ராஜஸ்தானத்துக்கு டிக்கெட் வாங்கும் ஆசிரியை அம்மையார் தனி ரகம். அவரிடம் தைரியத்துக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் பெட்டியின் கொள்ளளவில்தான்.

ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே உள்ள பலோதியில், 2016 மே 19-ஆம் தேதி, 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று என்ற செய்தியை என்றைக்கு வாசித்தாரோ, அன்றைக்கே கூடத்தின் நடுவில் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கத் தொடங்கிவிடும். உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், குளிர் கண்ணாடி, குடை, குடைக்கு ஏதேனும் நேர்ந்தால் மறு குடை என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். ‘லூ’ என்னும் அனற்காற்று தாக்காமலிருக்க வடநாட்டார் மடியில் வெங்காயம் வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, அரைக் கிலோ பெல்லாரியும் பெட்டியேறும்.

வெயிலுக்கு அடுத்தபடி ஆசாரம். அஜ்மீர் தர்காவில் தலையை மூட வேண்டும்; ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களில் தோற்பொருள் ஆகாது; பிகானீரை அடுத்த தேஷ்னோக்கில், கர்ணி மாதாவின் சந்நிதியில், எலிகள் சர்வ சுதந்திரமாக ஓடியாடும் தரையில் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். ஆகவே துப்பட்டாக்கள் நான்கு, துணிக் கைப்பை ஒன்று, எலிகளை உத்தேசித்தே காலுறை இரண்டு ஜோடி. கழுத்து முதல் கணுக்கால் வரை மறைத்தும் காற்றுக்கு வழிவிடும் பருத்தி உடைகளோ, ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில் அச்சிடப்பட்டு, தியாகராய நகர்க் கடையில் இரட்டை விலைக்கு விற்று, இப்போது அம்மையாரின் செலவிலேயே 2000 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறிக் கோடை விடுமுறைக்குப் பிறந்தகம் போகும்.

“ஏன் அக்கா, அங்கே கடை கண்ணி கிடையாதா?” என்பான் தம்பி.

“உண்டுடா. நான் போகிற அன்றைக்கு மூடியிருக்கும்.”

கதவுக்கு முட்டுக் கொடுக்க மரக்கட்டை, ஊதல், சங்கிலிப் பூட்டு இத்தனையும் வைத்தான பிறகு, எடையே இல்லாத சாமான் ஒன்றையும் அவர் எடுத்துக்கொள்வார். அது ஒரு கணவர். அம்மையார் விவாகமாகாதவர், ஆனால், “தனியாகவா வந்தாய்? வீட்டுக்காரர் எங்கே?” என்ற கேள்வி அந்தச் சீமையில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் காத்திருக்கும். கேட்பவர்களில் பலருக்கு அது கரிசனம், சிலருக்கு வேறு நோக்கம். இரு சாராருக்கும் ஒரே சமாதானமாக, காலில் மெட்டியும் வாயில் ஒரு ராணுவ கேப்டனும் தயாராக இருப்பார்கள். நான் அறிந்த அம்மையார் ஒருவரின் கேப்டன், ஜெய்ப்பூர்க் கடைவீதியில் ஒருவன் பின்தொடர்ந்ததை முன்னிட்டு மேஜராகி, ஜோத்பூர் ஆட்டோக்காரனை உத்தேசித்துக் கர்னலும் ஆகிவிட்டார்.

ஜெய்சல்மேர் வண்டியில்தான் சோதனை வந்தது. நெற்றிவரை முக்காடிட்ட மூதாட்டி ஒருத்தி எதிரே அமர்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்க, ஹிந்தி பிரசார சபையில் தேறிய பரீட்சைகளின் பலத்தில் அம்மையாரும் கர்னலை எடுத்துவிட்டார். கிழவியோ ஜுன்ஜுனுக்காரி, பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியே பேர் வாங்கிய ஜில்லா அது. “கர்னலா! எந்த ரெஜிமென்ட், மகளே? என் பிள்ளை சுபேதார், ஜெய்சல்மேரில்தான் இருக்கிறான், விசாரித்தால் தெரிந்துவிடும்” என்றாள் அவள்.

சகல சங்கடங்களுக்கும் பரிகாரம் சுமந்து வந்த பெட்டியில் இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. எதையோ தேடுகிற பாவனையில் அம்மையார் அதைத் திறந்து துழாவ, கைக்கு அகப்பட்டது வெங்காயம். கிழவி அதை உரிமையோடு வாங்கி, பலகையில் வைத்து, முஷ்டியால் ஒரே குத்தில் பிளந்து, கம்பு ரொட்டியில் பாதியைப் பிட்டு வெங்காயத்தோடு நீட்டினாள். அதைத் தின்று முடிக்கும்வரை ரெஜிமென்ட்டைப் பற்றிப் பேச்சில்லை. தின்று முடிக்க அம்மையார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோடைக்குக் கட்ச் பாலைவனம் என்று கேள்வி. கர்னல் ராணுவத்திலிருந்து விலகிவிட்டார். கடற்கரைப் பக்கமாகக் கலங்கரை விளக்கில் உத்தியோகம் கொடுக்கலாமா என்று யோசித்து, கட்ச்சுக்கும் கடற்கரை உண்டென்று வரைபடத்தில் கண்டுபிடித்து, அம்மையார் அவரைத் தேயிலைத் தோட்டத்துக்கு மாற்றியிருக்கிறார்.