குடும்பத் தலைவரும் கொல்லைப்புறத்துச் சாரையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்கினால் பரவாயில்லை, அதற்குப் பென்ஷனாவது உண்டு. குடும்பத் தலைவன் நடுங்கினால் அவனுக்கு என்ன உண்டு? பெற்ற பிள்ளைகள் பார்க்க, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டைனிங் டேபிள் மேல் ஏறி நின்று நடுங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு செங்கல்பட்டுப் பக்கம். மனை விற்ற தரகர், "மொட்டை மாடியில நின்னா ஏரி தெரியும் சார்" என்றார். தெரிந்தது. ஏரியில் இருப்பவர்களுக்கும் எங்கள் வீடு தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் அவர்கள் மேடு தேடிப் புறப்படுகிறார்கள். அந்த வட்டாரத்திலேயே மேடான இடம், வங்கிக் கடனில் உயர்த்திக் கட்டிய என் வீடுதான்.

பாம்பு வந்த மாத்திரத்தில் வேலைகள் தாமாகப் பிரிந்துவிடும். "ராத்திரில பேரைச் சொல்லாதீங்கடா, பூச்சின்னு சொல்லுங்க" என்று அம்மா முணுமுணுப்பாள். மனைவி டார்ச்சோடு இறங்குவாள். மகள் வீடியோ எடுப்பாள். பொது மேற்பார்வை என்னுடையது, டேபிள் மேலிருந்து.

"ஏங்க, அந்தக் கம்பையாவது எடுத்துக் குடுங்களேன்."

"1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருக்கான். அடிச்சா உள்ள போக வேண்டியதுதான்."

ஹெல்மெட் இல்லாமல் பால் வாங்கப் போகிற எனக்குச் சட்டத்தின் மேல் இவ்வளவு மரியாதை பிறப்பது இப்படிப்பட்ட நேரங்களில் மட்டும்தான்.

அடிக்கடி வருவது சாரை. வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லை, மதில் கட்ட உதவும் என்று மோட்டாருக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த இடுக்கில் சட்டை உரித்துப் போட்டுவிட்டுப் போகும். கண்ணை மூடியிருந்த வட்டச் செதில்கூடக் கிழியாமல், கண்ணாடித் தாள் மாதிரி கிடக்கும். எதிர் வீட்டு ரிட்டையர்டு சார், சாரைக்கு வாலில் விஷம் என்பார். அது நல்லபாம்புக்கு ஜோடி என்றும், இரண்டும் பின்னிக்கொண்டு ஆடும்போது மேலே புது வேட்டியைப் போட்டு எடுத்தால் செல்வம் கொழிக்கும் என்றும் சொல்வார். நிஜத்தில் சாரைக்கு வாலிலும் விஷமில்லை, வாயிலும் இல்லை. நல்லபாம்போடு அதற்குச் சம்பந்தமும் இல்லை. அப்படிப் பின்னிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். நடப்பது பங்காளிச் சண்டை. அதன் நடுவே வேட்டியை வீசிவிட்டு வெறும் துண்டோடு வீடு திரும்புவதில் என்ன செல்வம் கொழிக்குமோ!

குளியலறைச் சுவரில் ஏறிய வரிப்பாம்பு விஷயம் வேறு. படத்தைத் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டதும் பாதிப் பேர் கட்டுவிரியன் என்றார்கள், மீதிப் பேர் வெள்ளிக்கோல் வரையன் என்றார்கள். முன்னது ஆளைக் கொல்லும், பின்னது பல்லி தின்னும். கட்டுவிரியனுக்கு வெள்ளை வரிகள் கழுத்தருகே மங்கி, வால் பக்கம் போகப் போகத் தெளியும். வரையனுக்குக் கழுத்திலேயே பளிச்சென்று தொடங்கி, வால் பக்கம் மங்கும். சுவர் ஏறுவதில் வரையன்தான் கெட்டிக்காரன். இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் வரியைப் பார்க்கக் கிட்டே போக வேண்டுமே! அன்று குளிக்கவில்லை.

தடுப்பு நடவடிக்கையில் மட்டும் குறை வைக்கவில்லை. பூண்டை அரைத்துத் தெளித்தேன், ஃபினாயில் ஊற்றினேன், வாசலில் சிறியாநங்கை வளர்த்தேன். அடுத்து வந்த சாரை அந்தச் சிறியாநங்கைத் தொட்டி நிழலில்தான் சுருண்டு படுத்திருந்தது. தீயணைப்புத் துறைக்குப் போன் போட்டோம். வந்தவர் வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் இறக்கிக்கொண்டே சொன்னார்: "இது உங்களைப் பாக்க வரல சார். எலியைப் பாக்க வந்துச்சு. எலி உங்க அரிசி மூட்டையைப் பாக்க வந்துச்சு. அந்தச் செங்கல்லை முதல்ல அள்ளுங்க." ஒரு சாக்கைக் கட்டும் நேரத்தில் என் பூண்டுச் செலவெல்லாம் தண்டம் என்று ஆகிவிட்டது.

எங்கள் மாவட்டத்தின் மானத்தைக் காப்பாற்ற இருளர்கள் இருக்கிறார்கள். வடநெம்மேலியில் 1978-லேயே பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறவர்கள். அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே மாவட்டத்துக்காரனான எனக்குக் கொல்லைப்புறத்தில் விட்ட செருப்பை எடுத்து வர இரண்டு ஆள் துணை வேண்டும்.

என்னைப் பார்த்துச் சிரித்தது போதும், கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தரையில் படுக்காதீர்கள். படுத்தே ஆக வேண்டுமென்றால் கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஊர்ந்து வரும் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது. கடி பட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறிவிடுவதும் மந்திரிப்பதும் வேண்டாம். டாக்டரிடம் காட்டப் பாம்பைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் நம் ஊரில் மருந்து ஒன்றுதான். அசையாமல் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். நேரே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.