மோவாய்க்கட்டையைப் பிடிப்பவர்

கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர்த் தெளிப்பை ஏற்று, சந்தனத்தைத் தொட்டுக் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே நுழையும் பதினாறு வயதுப் பிள்ளை எவனும், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து அமர்ந்திருக்கும் பெரியப்பாவின் கண்ணில் படாமல் பந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட முடியாது. 'இங்க வாடா கண்ணு' என்பார். வந்தவனுடைய படிப்பையோ, அவன் தகப்பனாரின் தேக சௌக்கியத்தையோ விசாரிக்கமாட்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அவன் மோவாய்க்கட்டையைப் பிடித்து, வெளிச்சம் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நாதஸ்வரத்தையும் மீறிய குரலில், 'என்னடா இது மூஞ்சி?' என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு இதுவரை எந்தப் பிள்ளையும் பதில் சொன்னதில்லை. தன் வீட்டிலும் ஒரு கண்ணாடி உண்டு என்பதையும், காலையில் அதன் முன் நின்று தான் பட்ட துயரத்தையும் அவன் எப்படிச் சபையில் எடுத்துரைப்பான்?

பிறகு எண்ணிக்கை ஆரம்பமாகும். இடது கன்னத்தில் தொடங்கி, நெற்றி வழியாக வலது கன்னத்துக்கு இறங்கி, மூக்கு நுனியில் இருப்பதைக் கடைசியாகச் சேர்த்து, பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை கழனியை அளந்து பதிவதுபோல், சிவந்தது இத்தனை, சீழ் கோத்தது இத்தனை, கருமுனை கண்டது இத்தனை என்று தரவாரியாக வாசிப்பார். மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்பது அவர் ஞாபகத்தில் நின்றதாகச் சரித்திரமில்லை. ஆனால், 'போன ஆவணியில ஏழுதானேடா இருந்துது!' என்று சென்ற வருஷத்து ஜாபிதாவை அவர் தங்குதடையின்றி ஒப்பிக்கக் கேட்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் சும்மா இருப்பாரா? 'காதோரம் ஒண்ணு விட்டுட்டீங்களே' என்று திருத்தப் பிரேரணை கொண்டுவருவார். உடனே மறு எண்ணிக்கை. பையனின் தாயார் இரண்டு நாற்காலி தள்ளி நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பாள்.

கல்யாணம்தான் வேண்டுமென்பதில்லை. ஐப்பசி மழையில் மதுராந்தகம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, கிளியாற்றில் வெள்ளம் போகிறது என்று கேள்விப்பட்டால் ஊரே கரைக்குத் திரண்டு போய்ப் பார்க்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சீமைக்குக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, ஏரி உடைந்துவிடுமோ என்று அஞ்சி மழையிரவில் கரைக்கு வந்தபோது, ராமனும் லட்சுமணனும் வில்லேந்திக் காவல் நிற்கக் கண்டார் என்பதும், அந்த நன்றிக்காகவே ஜானகவல்லித் தாயார் சந்நிதிக்குத் திருப்பணி செய்தார் என்பதும் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கதை. அதே கரையில், அத்தனை பெரிய ஜலப்பிரவாகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, பெரியப்பா கண்டது ஒரு கல்லூரி மாணவனின் கன்னத்தை.

காரணம் கேட்டால் ஒரே வார்த்தை: சூடு. மாம்பழம் சூடு, கோழிக்கறி சூடு, ராத்திரி செல்போன் பார்ப்பது அதைவிடச் சூடு. இவை எதற்கும் அகப்படாத பிள்ளையாக இருந்தால் கண்ணைச் சிமிட்டி, 'மனசுல யாரோ இருக்காங்க போல' என்று, பருவுக்குக் காதலைக் காரணமாக்கிவிடுவார். சரீரத்தில் நடப்பது என்னவோ வேறு. வாலிபம் தொடங்கும்போது ஆண், பெண் இருபாலார் உடம்பிலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் பெருகி, தோலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன; மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய செத்த தோலணுக்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன; எல்லார் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பல்கிப் பெருக, வீக்கமும் சிவப்பும் சீழும் தொடர்கின்றன. கருமுனைகூட அழுக்கல்ல, திறந்த துவாரத்தில் தோலின் நிறமியும் காற்றுப்பட்ட கொழுப்பும் கறுத்திருப்பதே அது. ஆகையால், 'நல்லாத் தேச்சுக் கழுவுடா' என்ற உபதேசம் தோலைப் புண்ணாக்கவே உதவும்; வியர்த்த நேரம் நீங்கலாக, நாளைக்கு இரண்டு வேளை மென்மையாகக் கழுவினால் தாராளம். ஆகார விஷயத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் கொஞ்சம் சந்தேகப்படுவது சர்க்கரையையும் பாலையும்தான். கோழியின்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கும்போது பெரியப்பாவின் இலையில் இரண்டாவது ஜிலேபி இருந்ததை நான் பார்த்தேன்.

அவர் கெட்ட மனிதரல்லர். இந்தத் தெருவில் யாருக்காவது ஆஸ்பத்திரியில் இரவுத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால், பாயும் பிளாஸ்க்குமாக முதலில் வந்து நிற்பவர் அவரே. பிள்ளைகளின் முகத்தை இத்தனை சிரத்தையாகப் பார்க்கிறவர் அவரைத் தவிர ஊரில் வேறு யார் என்றுகூட நினைத்துக்கொள்வேன். ஜாதிக்காயை இழைத்துப் போடு, வேப்பிலையை அரைத்துப் பூசு என்கிற மட்டும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பூண்டைத் தேய்க்கச் சொன்னதும் பற்பசையை அப்பச் சொன்னதும் சிலருடைய கன்னத்தைப் பொசுக்கின என்றாலும், அந்தக் காயங்கள் ஆறிவிட்டன.

அவருடைய உண்மையான வியாதி அவசரம். மருந்து மூன்று நாளில் வேலை செய்யவேண்டும். அடுத்த முகூர்த்தத்துக்குள் முகம் பளிச்சென்று ஆகிவிடவேண்டும். பருவோ அவசரத்துக்கு மசிவதில்லை. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற முறையான மருந்துகளை விடாமல் போட்டுவந்தாலும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் செல்லும். ஆரம்பத்தில் சற்றுக் காய்ந்து உரிவதும் உண்டு. மூன்றே நாளில் சிவப்பை அடக்கி, தோலை வெளுத்துக் காட்டும் சரக்கு ஒன்றுதான்: ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பெரியப்பா அதைக் கண்டுபிடித்தது ஊருக்குப் பிடித்த கேடு.

எதிர்வீட்டுப் பெண், பிளஸ் டூ படிக்கிறவள். மருந்துக்கடையில் ஒரு சின்ன டியூபை அவரே காசு கொடுத்து வாங்கிவந்தார். யாரும் சீட்டுக் கேட்கவில்லை. முதல் வாரத்தில் அவள் முகத்தைப் பார்த்துத் தெருவே அதிசயித்தது. சில மாதம் சென்றபின், களிம்பை நிறுத்தினால் முகம் எரிந்தது. போட்டால் பரு முன்னைவிட அடர்ந்து வந்தது. தோல் மெலிந்து சிவப்பு நரம்புகள் தெரிய, கன்னத்தில் பூனைமயிர் அரும்பிற்று. வெயிலில் நிற்க முடியாமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். இது இவள் ஒருத்தியின் கதையல்ல. முகத்தில் தோல் உபத்திரவம் என்று வந்த 2926 பேரை இந்தியாவின் பல ஊர்த் தோல் மருத்துவர்கள் விசாரித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் இத்தகைய களிம்பைப் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைச் சிபாரிசு செய்தவர்கள் மருத்துவர்களே அல்லர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெரியப்பா இருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக்கூடாதென்று 2018இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. விதி காகிதத்தில் இருக்கிறது. டியூப் கடை மேஜையில் இருக்கிறது.

அந்தப் பெண்ணைச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போகலாம் என்று நான் சொன்னபோது, 'தோல் டாக்டரா? புள்ளையத் திருமணிக்கா அனுப்பப் போறீங்க?' என்று நடுத்தெருவில் கேட்டார். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், தோல் வைத்தியம் என்றதும் அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவது இப்பக்கத்துப் பழைய பேச்சு. கூட்டு மருந்தில் பூரணமாகக் குணமாகிற வியாதியை இன்னும் வசையாக வைத்திருப்பது ஒரு அற்பத்தனம். அதைக் காட்டி ஒரு பெண்ணைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுப்பது அதைவிடப் பெரிய அற்பத்தனம். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் என் நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ புறப்பட்டிருந்ததாம்.

ஆயினும் அவள் தாயார் ரயிலேற்றி அழைத்துப் போனாள். அங்கே களிம்பைப் படிப்படியாக நிறுத்தவைத்து, கிள்ளக்கூடாது, நம்மவர் நிறத்துக்குக் கிள்ளிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும் என்று எச்சரித்து, தேங்காயெண்ணெய் நெற்றியில் வழியாமல் தலையை வாரிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள். மாதங்கள் பல சென்றுதான் முகம் தேறியது. தேறிய முகத்தோடு பேருந்து நிலையத்தில் அவள் நின்றிருந்தபோது, வெற்றிலை மென்றபடி வந்த பெரியப்பா மோவாய்க்கட்டையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, 'பாத்தியா, நாலுதான் பாக்கி! அன்னிக்கே நான் சொன்ன மருந்துதான் இப்ப கேக்குது' என்றார்.

அவள் அந்த இரண்டு விரல்களையும் மெல்ல விலக்கிவிட்டு, 'கை கழுவினீங்களா பெரியப்பா?' என்று கேட்டாள்.

விரல் நுனியில் சுண்ணாம்பு இருந்தது.