காட்டுக்குப் போய் வருகிறேன்

நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் 24 வீடுகள். மனை 4 கிரவுண்ட். வகுத்துப் பார்த்தால் என் பங்குக்கு 400 சதுர அடி மண் உண்டு. பத்திரத்தில் அதற்குப் ‘பிரிபடாத பாகம்’ என்று பெயர். அந்த 400 சதுர அடி எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த பில்டருக்கே தெரியாது. லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கலாம், கழிவுநீர்த் தொட்டிக்கு மேலேயும் இருக்கலாம். இப்படிப்பட்ட நிலச்சுவான்தாரிடம் போய், “சார், மூணு ஏக்கர் ஒரே பிளாக்கா கிடக்கு” என்று ஒரு தரகர் சொன்னால் என்ன ஆகும்? மூன்று ஏக்கர் என்றால் 1,30,680 சதுர அடி. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் இறங்கி, வடக்கே திரும்பினால் வரும் கரிசல் பூமி. நான் போய்ப் பார்த்தது தை மாசம். உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன்: தை மாசத்தில் கரிசலைப் பார்க்காதீர்கள், பார்த்தால் வாங்கிவிடுவீர்கள். ஒரு பக்கம் சூரியகாந்தி, ஒரு பக்கம் மக்காச்சோளம், நடுவில் கொத்தமல்லி பூத்து வாசனை. வண்டிப்பாதை சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. “கார் உங்க காட்டு வாசல் வரைக்கும் வரும் அண்ணாச்சி” என்றார் தரகர். அவர் பொய் சொல்லவில்லை. எந்தெந்த மாசம் வரும் என்று நான்தான் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தில் புஞ்சை நிலத்தைக் ‘காடு’ என்றுதான் சொல்வார்கள். பனையடிக் காடு, ஓடைக்காடு, கேணிக்காடு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு, “காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்” என்றேன். வீட்டில் பதிலுக்கு, “பதினாலு வருஷமா, ரெண்டு நாளா?” என்று கேட்டாள்.

வாங்குவதற்கு முன் பட்டா, சிட்டா, அடங்கல், முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் வக்கீலிடம் காட்டினேன். எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தம் என்றார். புல வரைபடமும் வாங்கினேன். அதில் என் நிலம் அழகாக, நாலு மூலையிலும் கல்லோடு இருந்தது. அதற்குப் போகும் பாதைதான் இல்லை. அரசாங்கத்தின் வண்டிப்பாதை எனக்கு 300 மீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மீதி 300 மீட்டரும் ஒரு பெரியவரின் காட்டு ஓரம்.

மறுபடி வக்கீலுக்குப் போன் போட்டேன். “கவலைப்படாதே, 1882-லேயே வசதியுரிமைச் சட்டம் போட்டிருக்கான். 20 வருஷம் இடைவிடாம நடந்தா பாதை உன் உரிமை ஆயிரும்” என்றார். எனக்கு வயது 52. எழுபத்திரண்டில் உரிமையோடு நடக்கலாம், நடக்க முடிந்தால். “ஆனா ஒண்ணு” என்றார். “அவர் அனுமதி கொடுத்து நீ நடந்தா அது கணக்குல வராது. உரிமையா நடக்கணும். அதே சமயம் சண்டை சச்சரவு இல்லாம, எல்லாரும் பார்க்க நடக்கணும்.” அதாவது பெரியவரிடம் கேட்கவும் கூடாது, அவரோடு மல்லுக்கு நிற்கவும் கூடாது. அவரோ என்னைப் பார்த்த மாத்திரத்தில் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு செம்பு மோர் கொடுத்து, “தாராளமா நடந்து போங்க சார், விதைச்சிருக்கும்போது மட்டும் வேணாம்” என்று அனுமதி கொடுத்துத் தொலைத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் மோர். ஒவ்வொரு செம்புக்கும் என் இருபது வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. விதைப்பு புரட்டாசியில் தொடங்கி, அறுப்பு மாசியில் முடிகிறது. ஆக எனக்குப் பங்குனி முதல் ஆவணி வரை பாதை உண்டு. மீதி நாளில் நான் தீவுக்குச் சொந்தக்காரன்.

தண்ணீர் கதைக்கு வருவோம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். வடகிழக்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. எனக்கும் சிலிர்த்தது. போர் வண்டி வந்து விடிய விடிய இறக்கியது. அடிக்கு இவ்வளவு என்று கணக்கு என்பதால், குழாய் கீழே போகப் போக என் அடிவயிற்றில் மீட்டர் ஓடியது. 320 அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் துப்பியதில்லை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். என் கைக்கருவி 4300 காட்டியது. தேங்காய்க்காரரிடம் கேட்டேன். “தண்ணி இருக்குமான்னுதான கேட்டீக? நல்ல தண்ணியான்னு கேட்கலையே” என்றார். இந்த ஊரில் எல்லோரும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பரம யோக்கியர்கள். சோப்பு அதில் நுரைக்காது, பருப்பு வேகாது. ஆட்டுக்கு வைத்தால், ஆடு ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறது. ஆகவே 320 அடி ஆழத்துக்குச் சொந்தக்காரனான நான் கோவில்பட்டியிலிருந்து 20 லிட்டர் கேனில் தண்ணீர் கொண்டுபோகிறேன்.

கரண்ட்? கடைசிக் கம்பம் என் நிலத்திலிருந்து 800 மீட்டர் தள்ளி நிற்கிறது. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிக்கும் 1990-லிருந்து உண்டு; அதனாலேயே வரிசையும் உண்டு. 2021-ல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் புதிய இணைப்பு என்று அரசு அறிவித்தபோதே, காத்திருந்தவர்கள் நாலரை லட்சத்துக்கு மேல். தட்கல் என்றும் ஒரு வழி இருக்கிறது, 5 ஹெச்பி மோட்டாருக்கு இரண்டரை லட்சம் என்றார்கள். தட்கல் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். தவிர, இரண்டரை லட்சம் கட்டி உப்புத் தண்ணீரை வேகமாக மேலே கொண்டுவருவானேன்? தகரக் கொட்டகை ஒன்று போட்டு, அதன் கூரையில் இரண்டு சோலார் பலகை, ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் வைத்தேன். இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி, போன் சார்ஜ் போட நாலு பிளக்.

பலகை வைத்த மூன்றாம் நாள் மயில் வந்தது. கரிசலில் இப்போது மயிலுக்குக் குறைவில்லை. பளபளப்பான கண்ணாடியில் தன்னைப் பார்த்து, வேறொரு மயில் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று கொத்தத் தொடங்கியது. நான் கையைத் தட்டினேன், தகரத்தைத் தட்டினேன். தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு மேல் என்ன தட்டுவது? விடிகாலையில் கூரைமேல் டங், டங் என்று சத்தம் கேட்டால், அது தன் நிலத்தைப் பாதுகாக்கிறது என்று அர்த்தம். எல்லைத் தகராறில் என் வக்கீலைவிட அது தெளிவாக இருக்கிறது.

மயிலுக்கு அடுத்து வந்தவர் கீதாரி. முந்நூறு செம்மறியோடு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேய்ந்துகொண்டே வருகிறவர். வரப்பில் நின்று, “சார், இங்கன சார்ஜு போட்டுக்கிடலாமா?” என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாள் அவர் தம்பி, மச்சான், பக்கத்துக் காட்டில் உளுந்து எடுக்க வந்த நாலு பேர் வந்தார்கள். நான் சென்னைக்குக் கிளம்பும்போது கொட்டகைச் சாவியை எங்கே வைப்பேன் என்று விசாரித்தார்கள். சொன்னேன். அது எவ்வளவு பெரிய முடிவு என்று அப்போது தெரியவில்லை.

கீதாரியிடம் பெருந்தன்மையாக, “ராத்திரி ஆட்டை என் காட்டிலேயே அடைச்சுக்கோங்க, காசு ஒண்ணும் வேண்டாம்” என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்குக் காட்டுக்காரர்தான் கிடைக்காரருக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்க வேண்டுமாம். மூன்று ராத்திரிக்குக் கொடுத்தேன். வாடகைக்கு விட்டவனே வாடகை கொடுக்கிற தொழில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நிலத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று, நாலடி அகலத் தகரத்தில் ‘அமைதிச் சோலை’ என்று பெயின்டரை வைத்து எழுதி, வேப்பங்கன்றுகள் நட்டு, முன்னால் நிறுத்தினேன். கன்றுகள் உப்புத் தண்ணீரில் போய்ச் சேர்ந்தன. அவை போன இடத்தில் யாரும் நடாமலே சீமைக் கருவேலம் வந்தது. ஒரு வருஷம் உழாமல் விட்டால் போதும், ஆள் உயரம். கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து வெட்டிக்கொண்டு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். இதுநாள்வரை அந்த மூன்று ஏக்கர் எனக்குத் தந்த ஒரே வருமானம் நான் நடாத மரத்திலிருந்து வந்ததுதான். வேரை அவர்கள் எடுப்பதில்லை. ஆகவே வருமானம் தொடரும். ‘அமைதிச் சோலை’ பலகையைக் கடைசியாகப் பார்த்தபோது, கீதாரியின் குட்டிகள் அடைக்கும் பட்டிக்குக் கதவாக இருந்தது. தலைகீழாக வைத்திருந்தார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தது.

சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து உதிர்ந்து, மழையில் மூடிக்கொண்டு, தானே தன்னை உழுதுகொள்ளும் மண் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்குள் என் கார் சாவி விழுந்தது. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தேன். கூடவே வந்து, டொக் என்று ஒரு தரம் மோதி, அப்புறம் சத்தமே இல்லை. குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முழங்கை வரை போகிறது, அதற்குக் கீழே இருட்டு. என் முகத்துக்கு நேரே ஒரு தேள் வெளியே வந்து, என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுப் போனது. கீதாரி தன் தொரட்டிக் கம்பைப் பார்த்தார், அது பெரிது. கடைசியில் வேலிக் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, அவர் மகன் அரை மணி நேரம் மீன் பிடிப்பதுபோலப் பிடித்தான். முதலில் ஒரு மண்வெட்டிப் பூண் வந்தது. அடுத்து ஒரு ஐம்பது காசு. மூன்றாவதாகச் சாவி. “கிடைக்கலைனாலும் கவலை இல்ல சார், மழை பேஞ்சா மண்ணு ஊதி எல்லாத்தையும் மேல தள்ளிரும்” என்றான். எந்த வருஷத்து மழை என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் கேள்வி கேட்பதை நான் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழையும் வந்தது. 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையைச் சொல்லவில்லை. என் காரைப் புதைக்க நாலு சென்டிமீட்டர் தாராளமாகப் போதும். ஐப்பசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கிளம்பும் நேரத்தில் பெய்து ஓய்ந்தது. காரை எடுத்தேன். நனைந்த கரிசல் சகதி மாதிரி வழுக்காது, பசை மாதிரி பிடிக்கும். டயரில் ஒட்டி, சுற்றச் சுற்றத் தடித்து, மட்கார்டுக்குள் நிரம்பி, இருபதாவது அடியில் சக்கரம் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. இறங்கினேன். முதல் எட்டில் செருப்பு ஒரு கிலோ. ஐந்தாவது எட்டில் நான் மூன்று அங்குலம் வளர்ந்திருந்தேன். ஏழாவது எட்டில் கால் வந்தது, செருப்பு வரவில்லை. தூரத்தில் பெரியவர் தன் செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தார். விதைத்த காட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவேளை என் இருபது வருஷம் அன்றைக்குத்தான் முறைப்படி தொடங்கியதோ என்னவோ.

என் நிலத்தில் போன் சிக்னல் கிடைப்பது தென்மேற்கு மூலையில் உள்ள சர்வே கல்மேல் மட்டும். ஏறி நின்று வீட்டுக்குப் பேசினேன். “ஏங்க, நாளைக்கு ஆபீஸ்?” என்றாள். கல் வழுக்குவதால் சுருக்கமாக, “இல்லை” என்றேன். அடுத்து, பெரியவர் முன்பு கொடுத்திருந்த ஒரு டிராக்டர்காரரின் எண்ணுக்குப் போட்டேன்.

“எந்தக் காடு சார்?”

சர்வே நம்பரையும் உட்பிரிவையும் மனப்பாடமாகச் சொன்னேன். அது எனக்கும் பதிவுத்துறைக்கும் மட்டும் தெரிந்த பாஷை. ‘அமைதிச் சோலை’ என்றேன். கல்யாண மண்டபமா என்று கேட்டார். சென்னைக்காரர் வாங்கிய நிலம் என்றேன். “இங்கன பாதி காடு சென்னைக்காரர் வாங்குனதுதான் சார்” என்றார். வடகிழக்கில் உப்புத் தண்ணீர் போர், நடுவில் தகரக் கொட்டகை, கூரைமேல் மயில் என்று அடுக்கினேன்.

“அட, சார்ஜு போடுற காடா! அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? அங்கனதான் ஏம் போனும் கெடக்கு, எடுக்கத்தான் கெளம்பிக்கிட்டு இருக்கேன். இந்தா வாரேன்” என்றார்.

“உங்க போன் அங்கே கிடந்தா, இப்போ எதுல பேசுறீங்க?”

“இது தம்பி போனு சார். இதையும் போடணும், அஞ்சு சதவீதந்தான் இருக்கு. கொட்டகையில ஒரு பிளக்கு காலியா வையுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் போன் அணைந்துவிட்டது.