வீற்றிருந்த திருக்கோலம்

மதுரை கூடலழகர் கோயிலில் பெருமாள் ஒரு தளத்தில் வீற்றிருந்தும், அதற்கு மேல் நின்றும், உச்சியில் பள்ளிகொண்டும் சேவை சாதிக்கிறார். லோக ரட்சணம் செய்யும் அவருக்கே மூன்று திருக்கோலங்கள் வேண்டியிருக்க, உதவி மானேஜராகிய எனக்கு மட்டும் காலை பத்து மணி தொடங்கிப் பொழுது சாயும்வரை ஒரே திருக்கோலம்தான் விதிக்கப்பட்டிருக்கிறது.

நம்மவரிடையே ஒருவருடைய அந்தஸ்து, அவர் எவ்வளவு குறைவாக எழுந்திருக்கிறார் என்பதைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. பியூனுக்கு வாசலில் முக்காலி. குமாஸ்தாவுக்குக் கையில்லாத நாற்காலி. அதற்கும் மேலே போனால் சுழல் நாற்காலியும், அதன் முதுகில் வெள்ளைத் துவாலையும், மேஜைமேல் அழைப்பு மணியும் வந்து சேருகின்றன. அந்த மணி எனக்கு வாய்த்தது முதல், கைக்கெட்டும் அலமாரியிலிருந்து நானே பைலை எடுப்பது பதவிக்கு இழுக்கு என்றாகிவிட்டது. மணியடித்தால் பியூன் மாடியேறி வந்து, எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறார். அவர் கடைசிப் படியில் கால் வைக்கும் தருணத்தில்தான் எனக்குத் தாகம் எடுக்கும். ஓய்வு பெறப்போகும் அந்த மனிதர் இன்னும் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். என் கால்சட்டையைப் பார்த்த தையல்காரரோ, "பிரிச்சு விடறதுக்கு இனிமே உள்ளே துணியே கிடையாது சார்" என்று கையை விரித்துவிட்டார்.

தையல்காரர் வாக்கை அலட்சியம் செய்யலாகாது. லண்டன் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஜெரி மாரிஸ் என்ற வைத்திய நிபுணர் 1953-ல் வெளியிட்ட முடிவின்படி, நாளெல்லாம் உட்கார்ந்து வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. பிற்பாடு அவரே சீருடை அளவுகளைப் புரட்டிப் பார்த்து, டிரைவர்களுடைய இடுப்புச் சுற்றளவு பெரிதென்றும் எழுதினார். சென்னை டவுன் பஸ்ஸில், கண்டக்டர் தம் ஆசனத்தை விட்டு அசையாமலிருக்க, காசும் டிக்கெட்டும் பிரயாணிகளின் கைமாறிக் கைமாறி யாத்திரை செய்வதைக் கண்டிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பாரோ!

காரணம் காலில் இருக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அது சும்மா கிடக்க, ரத்தம் காலிலேயே தேங்கிப் பாதம் வீங்குகிறது. ரத்தத்திலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் எடுத்துச் செலவழிக்க வேண்டிய தசைகள் அந்தக் காரியத்தையும் தளர விட்டுவிடுகின்றன. மாலையில் அரைமணி நடப்பது நல்லதே எனினும், பகல் முழுவதும் அமர்ந்த பாவம் அதனால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. ஆகவே அரைமணிக்கு ஒருதரம் எழுந்திருக்கும்படி என் டாக்டர் கட்டளையிட்டார்.

எழுந்தேன். நான் எழுந்ததும் எதிரே இருந்த குமாஸ்தாக்கள் அத்தனை பேரும் மரியாதைக்காக எழுந்தார்கள். நான் உட்காரும்வரை அவர்களும் உட்காரவில்லை. இப்படியாக ஒரு வாரம் எங்கள் செக்‌ஷன் முழுவதும் காசு செலவில்லாத தேகாப்பியாசம் நடைபெற்றது. எட்டாம் நாள் பெரிய மானேஜரிடமிருந்து, தம் ஆசனத்தில் அமர்ந்தபடியே கையொப்பமிட்ட ஒரு சுற்றறிக்கை வந்தது: அதிகாரிகள் எழும்போது ஊழியர்கள் எழ வேண்டியதில்லை. அதைப் பியூன்தான் மேஜை மேஜையாகக் கொண்டுபோய்க் காட்டினார்.