ஆளுக்கொரு கணக்கு

கேள்வி: இராக்கில் அமெரிக்கா ஜெயித்ததா, தோற்றதா? செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில்கூட ஏன் இத்தனை சண்டை? (ஒரு மதுரை வாசகர்)

பதில்: ஜெயித்தாயிற்றே! 2003 மே 1 அன்று விமானந்தாங்கிக் கப்பலில், ‘பணி முடிந்தது’ என்ற பேனருக்கு முன்னால் நின்று புஷ் பேசினாரே. முடிந்த பணிக்குத்தான் 2011 டிசம்பர் வரை படைகள் ஓவர்டைம் பார்த்தன. அதே மே மாதம், அமெரிக்கா அனுப்பிய இராக் நிர்வாகி பிரெமர் இராக் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கான ஆண்கள், ஆயுதப் பயிற்சி உண்டு, சம்பளம் கிடையாது. விளைவைச் சொல்ல ஜோசியர் வேண்டுமா?

செத்த அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500. ஒவ்வொருவருக்கும் பெயர், தேதி உண்டு. இராக்கியர்கள்? 2006 நடுப்பகுதி வரை கூடுதல் மரணங்கள் சுமார் 6,55,000 என்றது ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு. ஏறத்தாழ அதே காலத்துக்கு, வன்முறைச் சாவுகள் மட்டும் 1,51,000 என்றது உலக சுகாதார நிறுவனம் இராக் அரசோடு சேர்ந்து நடத்திய ஆய்வு. இரண்டும் வீடுவீடாகப் போய்க் கேட்டவைதான். எண்ண வேண்டியவர்களோ, பிணங்களை எண்ணுவது எங்கள் வழக்கமில்லை என்று ஆப்கானிஸ்தானிலேயே கைவிரித்துவிட்டார்கள். சொன்னவர் அமெரிக்கத் தளபதி ஜெனரல் டாமி ஃபிராங்க்ஸ்.

தேடிப்போன பேரழிவு ஆயுதக் குவியல்? அதில் தகராறே இல்லை. 2004இல் அமெரிக்காவின் ஆய்வுக் குழுவே எண்ணிச் சொல்லிவிட்டது: பூஜ்யம்.