நேர்ந்துவிட்ட போனஸ்

போன வாரம் அயோத்தியாப்பட்டணத்தில் டீக்கடை ஓரம் நின்றிருந்த என் காரின் பின்பக்க பம்பரை, சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு ஏற்றிப்போன டிராக்டர் டிரெய்லர் கிழித்துவிட்டுப் போனது. ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிக்கி மேல் ஒரு கிழங்கு கிடந்தது, நஷ்டஈடாக இருக்கலாம். இன்சூரன்ஸில் கிளைம் போடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

இலங்கையிலிருந்து திரும்பிய ராமர், நேரமாகிவிட்டதென்று இங்கேயே பட்டாபிஷேகம் செய்துகொண்டாராம். கோதண்டராமர் கோயிலே சாட்சி என்பார்கள். ராஜ்ய விஷயத்தையே வழியில் முடித்த ஊரில், ஒரு பம்பருக்கு ஒன்பது நாளாக நான் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போடுகிறேன்.

பட்டறையில் 8,500 ரூபாய் கேட்கிறார்கள். பம்பர் 4,500, பெயிண்ட் 3,000, கூலி 1,000. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் தேய்மானம் பாதி போகும். பெயிண்டிலும் கொஞ்சம் போகும். கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 4,875. ஜிஎஸ்டியை நினைத்தால் தலை சுற்றுகிறது, விட்டுவிட்டேன்.

நோ கிளைம் போனஸ் இருக்கிறதே, அது குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. கிளைம் போடாத முதல் வருஷம் குட்டி, சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்புறம் 25, 35, 45. அஞ்சாம் வருஷம் 50. அதற்குமேல் வளராது, தின்பது மட்டும் நிற்காது. தென்னை மட்டை விழுந்து பானட் நசுங்கியபோது 2,200 தின்றது. மச்சான் ரிவர்ஸ் எடுத்துத் தண்ணித்தொட்டியில் இடித்தபோது 3,000. மச்சானிடம் கேட்க முடியுமா? உடையாப்பட்டியில் ஒரு பைக் ஆசாமி கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனபோது 1,800. ஒவ்வொரு தடவையும் பட்டறைக்காரர், "கிடா நல்லா தேறி வருதுங்ணா, இப்பப் போயி கை வெச்சராதீங்க" என்பார். நானும் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பர்ஸைத் திறப்பேன். கட்டியும் வைக்க முடியாது, விற்கவும் முடியாது. புதுக் கார் வாங்கினால் அங்கேயும் பின்னாலேயே வரும். வெட்டினால் ஒரே ஒரு நாள் கறி. மறுநாள் தொழுவம் காலி, பூஜ்யத்திலிருந்து திரும்பக் குட்டி.

என் சேதப் பிரீமியம் போனஸ் கழிக்காமல் 6,000. வெட்டிய கிடா பழையபடி 50-ஐத் தொடுவதற்குள் மொத்தம் 7,500 நஷ்டம். ஆக, 4,875-க்காக 7,500. ஒண்ணாங்கிளாஸ் பையன்கூட விடை சொல்லிவிடுவான். ஆனால் ஆறு வருஷமாகக் கட்டிய காசில் ஒரு பைசா திரும்பவில்லையே என்று வயிறு எரிகிறதே, அதற்குக் கணக்கில் கட்டம் இல்லை.

"இன்னொரு அடி விழட்டும், ரெண்டையும் சேத்துப் போட்டுக்கலாம்" என்கிறார் மச்சான். தனித்தனி விபத்துக்குத் தனித்தனி கிளைம் என்று சொன்னேன். தவிர, உடனே தகவல் சொல்ல வேண்டுமாம். இன்று பத்தாவது நாள். பம்பரில் பிரவுன் டேப் ஒட்டியிருக்கிறேன்.

கிழங்கை அவித்துத் தின்றாயிற்று. நல்ல மாவுக்கிழங்கு. நேற்று அதே டிராக்டர் அதே டீக்கடையைத் தாண்டிப் போனது, லோடு இன்னும் அதிகம். அந்த மனுஷன் எந்தக் கணக்கும் போட்ட மாதிரி தெரியவில்லை.