கஷாயக் கண்டக்டர்

எங்கள் தெருவில் தும்முவதென்றால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தும்ம வேண்டும். மாமா காதில் விழுந்தால் போச்சு. அரை மணி நேரத்தில் எவர்சில்வர் தூக்கோடு வாசலில் நிற்பார். உள்ளே இருப்பதன் நிறத்தைச் சொல்வது கஷ்டம். ஐப்பசி மழையில் ஏரிக்குள் வந்து விழும் புதுத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வேலையில் ஓய்வு, பேங்கில் பென்ஷன், வாட்ஸ்அப்பில் மூலிகை, மொட்டை மாடியில் காலி பெயிண்ட் டப்பாக்களில் துளசி, தூதுவளை, கற்பூரவள்ளி, ஆடாதோடை. பெயிண்ட் டப்பாதான் அடையாளம். தொட்டி வாங்கி வளர்ப்பவர் வெறும் செடிப் பிரியர். டப்பாவில் வளர்ப்பவர் வைத்தியர்.

எங்கள் மாமா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். அதில் பாதி, அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறுகிற வண்டியில். மலையாளிப் பழங்குடிப் பாட்டிகள் மூட்டையோடு ஏறுவார்கள். அவர்களுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இது என்ன தழை, எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்த படிப்பு. சர்ட்டிபிகேட் கிடையாது. ஆனால் அவரிடம் இருக்கிற நிச்சயம் எம்.டி. படித்தவரிடம்கூடக் கிடையாது.

ஓய்வு பெற்றும் தொழில் விடவில்லை. "எங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். முட்டி என்றால் முடக்கத்தான். தொண்டை என்றால் தூதுவளை. தலைபாரம் என்றால் நொச்சித்தழை போட்டு ஆவி. "தொண்டையும் வலிக்குது, கொஞ்சம் முதுகும்..." என்று இழுத்தால், "ஒரே இடமா சொல்லு, மாப்ள. பின்னால ஆள் நிக்குது" என்பார். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாம் முழித்தால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத" என்பார். அது நமக்கில்லை, கஷாயத்துக்கு.

"எப்ப மாமா குணமாகும்?"

"மீதிய இறங்கும்போது வாங்கிக்க."

இந்தத் தொண்டுக்கு அவர் ஒரு வம்சாவளியும் வைத்திருக்கிறார். பழைய தகடூர்தான் இன்றைய தர்மபுரி. அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, தான் சாப்பிட்டிருக்க வேண்டிய நெல்லிக்கனியை ஔவையாருக்குக் கொடுத்த சேதி புறநானூற்றிலேயே இருக்கிறது. "மூலிகைய ஓசியில குடுக்கிற வழக்கத்த ஆரம்பிச்சதே நம்ம ஊருதான்" என்பார் மாமா. ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கனியால் என்ன பலன் என்பதை அதியமான் வாயைத் திறந்து சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு கனியை மட்டும் கொடுத்தான். மாமா பலன் அத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் தம்ளரையே கொடுப்பார். அதற்குள் அது ஆறிப்போயிருக்கும். ஆறிய நிலவேம்பைக் குடித்தவர்களுக்குத்தான் அதியமானின் அருமை தெரியும்.

நிலவேம்புக் குடிநீர் என்றால் நிலவேம்பு மட்டும் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மொத்தம் ஒன்பது சரக்கு. மாமா அதை ஸ்டாப்பிங் சொல்கிற ராகத்திலேயே சொல்வார்: "நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு... மிளகு, மிளகெல்லாம் எறங்கு!" அரூர் மார்க்கெட் மூட்டைகளைத் தூக்கிப் போட்ட அதே கையால் ஒரு ஸ்பூன் சூரணத்தை எடுத்து, பொடி சிந்தாமல் விளிம்பைத் தட்டிச் சமன் செய்வார். ஐந்து கிராம். தண்ணீர் 240 மில்லி. சின்னத் தீ. பாத்திரத்தின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். தண்ணீர் சுண்டி அந்தக் கோட்டுக்கு வரும்வரை அடுப்பை விட்டு நகர மாட்டார். நாலில் ஒன்று, 60 மில்லி. அந்த இருபது நிமிஷம் அவரிடம் யார் பேசினாலும் பதில் வராது. அத்தை கூப்பிட்டாலும்தான். அத்தைக்கும் அந்த இருபது நிமிஷம் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவருடைய பொற்காலங்கள் மூன்று. 2012இல் டெங்கு பரவி, அரசே ஆஸ்பத்திரிகளில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்க ஆரம்பித்தது முதலாவது. "இத்தனை வருஷம் நான் சொன்னேன், கோட்டைக்கு இப்பத்தான் கேட்டிருக்கு" என்று தெருவில் நின்று சொன்னார். இரண்டாவது, 2017. ஆராய்ச்சி முடிவு வரும்வரை நிலவேம்பைக் கொடுக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் இயக்கத்தாரிடம் சொன்னார். அதுவரை மாமா கமல் ரசிகர். அன்று ராத்திரி வீட்டு டி.வி.யில் கமல் பாட்டு வந்ததும் சேனலை மாற்றினார் என்று அத்தை சொன்னார். அதைப் பொற்காலத்தில் ஏன் சேர்த்தேன் என்றால், எதிரி இல்லாத வைத்தியருக்கு மவுசு கிடையாது. மூன்றாவது 2020. கபசுரக் குடிநீர் வந்தது. ஒன்பது ஸ்டாப்பிங் பதினைந்தாக நீண்டது. வெளியே ஒரு பஸ்கூட ஓடாத அந்த நாட்களில் மாமா மட்டும் தூக்கோடு ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் பக்கம் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்காவிட்டால் தூக்கை மூடிவிடுவார். "நம்ம வண்டி இதுவரைக்குந்தான். எறங்கி ஜி.எச். வண்டி ஏறிக்க" என்று அவரே ஆட்டோவும் பிடித்துத் தருவார். டெர்மினஸ் எது என்று தெரிந்த வைத்தியர்கள் குறைவு. எங்கள் தெரு அந்த வகையில் கொடுத்துவைத்தது.

அவரை வாயடைக்க வைத்தது நோயும் இல்லை, டாக்டரும் இல்லை. வேதியியல் படித்த அவருடைய மகள். தீபாவளிக்கு வந்தவள் அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தத் தண்ணிப்பா?"

"போர் தண்ணிதான். பாறைத் தண்ணி, சத்து."

சத்துதான். எங்கள் மாவட்டத்துப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கசிந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. இங்கே எத்தனையோ கிணறுகள் தாண்டியவை. பழுப்புக் கோடு விழுந்த பல்லை வைத்தே தர்மபுரிக்காரரைக் கண்டுபிடித்த காலம் உண்டு. அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் காவிரித் தண்ணீர் ஓட ஆரம்பித்தது.

"காய்ச்சினா கெட்டதெல்லாம் போயிடும்" என்றார் மாமா.

"கிருமி போகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி மட்டுந்தான் ஆவியாகுது. 240 மில்லியில இருந்தது அத்தனையும் இப்ப 60 மில்லிக்குள்ள உக்காந்திருக்கு. பாசஞ்சர் ஒருத்தரும் எறங்கலப்பா. பஸ்ஸுதான் சின்னதாச்சு."

முப்பது வருஷ சர்வீஸில் அவரை இப்படி யாரும் செக்கிங்கில் பிடித்ததில்லை. சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப டீ?" என்றார். தேயிலைச் செடியும் மண்ணிலுள்ள ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் என்று மகள் சொல்லி வாய் மூடவில்லை, மாமா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். தோற்றவருக்கு ஒரு துணை வேண்டுமே. டீ மாஸ்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "லைட்டா, ஸ்ட்ராங்கா?" என்றாராம்.

திரும்பி வந்தவருக்கு வீட்டில் அடுத்த அடி. ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் பள்ளிப் பையன்களுக்கு 18 நாள், தினம் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் வெளியேறிய ஃபுளோரைடு கூடியது. 2002இல் வெளியான ஆய்வு. சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் புளியை மருந்தென்று சொல்ல மாட்டேன் என்றும் மகள் சேர்த்துச் சொன்னாள். மாமாவுக்கு அந்தப் பின்பாதி காதில் ஏறவில்லை. ஏனென்றால் அவர் கஷாயத்தோடு இலவச இணைப்பாகத் தருவது பத்தியம். பத்தியத்தின் முதல் விதி, புளி கூடாது. மார்க்கெட்டில் புளி மலையாகக் குவியும் மாவட்டத்தில், எங்கள் தெருவையே மாசக்கணக்கில் புளியிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார் மனுஷன்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. புளியை ஊறவைத்தார். மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, தம்ளரில் ஊற்றி மாமா முன்னால் வைத்தார். மூக்கடைப்புக்கு மாமா பதினைந்து சரக்கில் தேடும் சுகத்தில் பாதி அந்தத் தம்ளரில் இருந்தது. கசக்கவும் இல்லை. மாமா குடித்தார். இரண்டாவது தம்ளர் கேட்டார். பலன் எதுவும் சொல்லவில்லை.

இப்போது தூக்கு வழக்கம்போல வருகிறது. பத்தியத்தில் புளிக்கு விலக்கு கிடைத்திருக்கிறது. எங்கள் தெருப் பக்கம் வந்து தப்பித்தவறித் தும்மிவிட்டீர்கள் என்றால், ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அத்தை வீட்டில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.